மன்னார்த் தொகுதியின் 42 வருடங்கள்

ஒன்பதாம் வகுப்பில் குடியுரிமைக் கல்விப் பாடம். பாராளுமன்றத்தில் 225 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 196 பேரைத் தேர்தல் மாவட்டங்கள் தெரிவு செய்கின்றன, மிகுதி 29 பேர் தேசியப்பட்டியலில் வருகிறார்கள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வாங்கில் இருந்த பொடியன் எழும்பி, "சேர், எங்கட மன்னாருக்கு எத்தின பேர்?" என்று கேட்டான். மன்னாருக்கென்று ஒருவரும் இல்லை, வன்னி மாவட்டத்துக்கு ஆறு பேர், மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்ததுதான் வன்னி என்று சொன்னேன். அவன் உட்காரவில்லை. "முந்தியும் இல்லையா சேர்?"

முந்தி இருந்தது. அந்த இருந்த கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். நான் வரலாறு கற்றவன் அல்லன். முசலிப் பக்கத்துக் கிராமமொன்றில் படிப்பிக்கிற பயிற்றப்பட்ட ஆசிரியன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சியில் இருந்தபோது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழக்கு மாகாணத்து நண்பர்கள் அரசியல் பேசுவார்கள். கல்முனை என்றால் காரியப்பர் என்பார்கள், பொத்துவில் என்றால் முஸ்தபா என்பார்கள், மூதூர் என்றால் மஜீத் என்பார்கள். ஊரும் ஆளும் தொகுதியுமாக அவர்களுக்கு ஒரு நீண்ட சங்கிலி இருந்தது. "உங்கட பக்கம் யார் மச்சான்?" என்று ஒருவர் கேட்டபோது நான் ஒரு பெயரைத்தான் சொன்னேன். அந்த ஒரு பெயருக்கும் மூன்று வருட வாழ்வுதான். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று அன்றைக்கு எனக்கே சரியாகத் தெரியாது.

மன்னார் என்றால் பலருக்குத் தீவு மட்டும்தான் நினைவுக்கு வரும். தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், பள்ளிமுனைப் பெருக்கமரம், தெருவெல்லாம் அலையும் கழுதைகள். தொகுதி அதைவிடப் பெரியது. பாலத்தைக் கடந்தால் மாந்தை, கட்டுக்கரைக்குளத்து வயல்கள், முருங்கன், மடு, வடக்கே விடத்தல்தீவு, தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. கடலும் குளமும் காடும் சேர்ந்த, பரப்பில் பெரிய, ஆளில் சிறிய நிலம். கத்தோலிக்கர், இந்துக்கள், முஸ்லிம்கள் மூவரும் கலந்து வாழ்ந்த இடம். வடமாகாணத்தின் வேறெந்தத் தொகுதியிலும் முஸ்லிம்களின் பங்கு இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. 1981 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முஸ்லிம்.

சர்வசன வாக்குரிமை வந்த 1931இல் மன்னாருக்குத் தனி ஆசனம் கிடையாது. அரசாங்க சபைக்கு மன்னார்–முல்லைத்தீவு என்று ஒரே தொகுதி. அந்த வருடம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பினால் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடக்க, மன்னார்–முல்லைத்தீவு மட்டும் தன் உறுப்பினரைக் கொழும்புக்கு அனுப்பியது. யாழ்ப்பாணத்தின் அரசியல் காய்ச்சல் மன்னாருக்கு எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும் என்று எங்கள் மூத்தவாப்பா சொல்வார். மெயில் வண்டி எல்லாவற்றையும் முதலில் மன்னாரில்தான் இறக்கியது, அரசியலைத் தவிர என்பது அவருடைய பகிடி. வாக்குச்சீட்டில் சின்னம் பார்த்துப் புள்ளடி போடும் வழக்கம் வருவதற்கு முந்திய காலம் அது. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பெட்டி. எழுத்துத் தெரியாதவர் நிறம் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வருவார்.

சோல்பரி அரசியலமைப்போடுதான் மன்னார் தனித்தொகுதி ஆனது. எழுபத்தையாயிரம் பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் சதுர மைலுக்கும் மாகாணத்துக்கு இன்னோர் ஆசனம் என்பது அப்போதைய கணக்கு. மக்கள் தொகையை மட்டும் எண்ணியிருந்தால் மன்னாருக்குத் தனி ஆசனம் கிடைத்திருக்காது. நிலப்பரப்பையும் எண்ணியதால் வடமாகாணத்துக்கு ஒன்பது ஆசனங்கள் கிடைத்தன. அவற்றில் ஏழு யாழ்ப்பாண மாவட்டத்துக்கும், ஒன்று வவுனியாவுக்கும், ஒன்று மன்னாருக்கும் போயின. எங்கள் காடும் உப்புத்தரவையும் பெற்றுத் தந்த ஆசனம் என்று இதைச் சொல்லலாம்.

1947இல் அந்த ஆசனத்தில் முதலாவதாக அமர்ந்தவர் கதிரவேலு சிற்றம்பலம். யாழ்ப்பாணத்தவர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், சிவில் சேவை உத்தியோகத்தராக இருந்தவர். சுயேச்சையாகவே வென்றார். டி. எஸ். சேனநாயக்கவின் முதலாவது அமைச்சரவையில் தமிழர் இருவருக்கு இடம் கிடைத்தது. ஒருவர் வவுனியாவின் செ. சுந்தரலிங்கம், மற்றவர் மன்னாரின் சிற்றம்பலம். குடாநாட்டின் ஏழு தொகுதிகளில் ஒன்றுக்குக்கூடக் கிடைக்காத அமைச்சுப் பதவி வன்னியின் இரண்டு ஏழைத் தொகுதிகளுக்கும் கிடைத்தது. சிற்றம்பலத்துக்குக் கிடைத்தது தபால் தந்தி அமைச்சு. இந்தியத் தபாலெல்லாம் தனுஷ்கோடியிலிருந்து கப்பலேறித் தலைமன்னார் இறங்குதுறையில் வந்திறங்கிய காலத்தில், அந்தத் துறையின் உறுப்பினரே தபால் அமைச்சராக இருந்தது தற்செயல்தான். ஆனாலும் ஊரில் பெருமையாகப் பேசியிருக்கிறார்கள்.

அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்களாகி, வாக்காளர் இடாப்பிலிருந்தும் எடுக்கப்பட்டார்கள். 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. சுந்தரலிங்கம் இந்திய–பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதாவின்போது 1948 டிசம்பரில் அமைச்சுப் பதவியைத் துறந்தார். சிற்றம்பலம் துறக்கவில்லை. துறந்திருந்தால் ஒன்றும் மாறியிருக்காது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் முடிவு எங்கள் தொகுதி வழியாகத்தான் நடந்து போனது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவான பிறகு, மலைநாட்டிலிருந்து ரயில் ரயிலாக வந்து தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறினார்கள். ஒப்பந்தம் எழுதிய இரண்டு மாதத்தில், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் அதன் பிறகு இராமேஸ்வரத்துக்குப் போனது. வாக்கு இழந்தவர்கள், பெட்டியும் பாயும் அம்மிக்கல்லுமாக, எங்கள் வாக்களிப்பு நிலையங்களைத் தாண்டிப் போனார்கள். மூத்தவாப்பா தலைமன்னார் ஸ்டேஷனில் சாயக் கடை வைத்திருந்தவர். அந்த ரயில்கள் வந்த நாட்களில் தேத்தண்ணீருக்குக் காசு வாங்கக் கை வராது என்று சொல்லியிருக்கிறார். 26 வருடத்துக்குப் பிறகு தாங்களும் பாய் சுருட்டுவோம் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.

1952இலும் சிற்றம்பலமே வென்றார். அந்தத் தேர்தலில் அவரிடம் தோற்றவர் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோன். 1949 டிசம்பரில் தொடங்கிய கட்சி, 1952இல் நாடு முழுவதிலும் இரண்டே இரண்டு ஆசனம் பெற்றிருந்தது. நான்கு வருடத்தில் நிலைமை தலைகீழாகியது. 1956 பெப்ரவரியில் ஐக்கிய தேசியக் கட்சியும் களனியில் கூடித் தனிச்சிங்களத்துக்கு மாறியபோது, கொழும்பு அரசாங்கத்தோடு ஒத்துப்போய் ஊருக்கு நன்மை செய்யலாம் என்று சொல்லிவந்த தமிழ்ப் பிரமுகர்களின் காலடி மண் சரிந்தது. அந்த ஏப்ரல் தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனம் பெற்றது. அவற்றில் ஒன்று மன்னார். அழகக்கோன் சிற்றம்பலத்தைத் தோற்கடித்தார்.

அதே தேர்தலில் கிழக்கிலே கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் வென்றதை இந்த இதழின் வாசகர்கள் அறிவார்கள். வென்றவுடனேயே இருவரும் அரசாங்கப் பக்கம் போனதையும் அறிவார்கள். தமிழ் பேசும் மக்கள் என்ற சொல்லுக்குள் முஸ்லிமும் அடக்கம் என்று அக்கட்சி சொல்லிவந்தது. அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் கிழக்கில் தேர்தலுக்கு முதல் நாள் வரையும் நம்பினார்கள். மன்னாரில் கொஞ்சம் நீண்ட காலம் நம்பினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூத்தவாப்பா 1956இலிருந்து 1970 வரை ஒவ்வொரு முறையும் வீட்டுக்கே புள்ளடி போட்டவர். ஏன் என்று ஒருமுறை வாப்பா கேட்டபோது, "அழகக்கோன் ஐயா நம்மட சந்தைக்கு வந்து போற மனுசன்" என்றாராம். கொள்கை பற்றி ஒரு சொல் இல்லை. சந்தையில் கண்டு கதைக்கக்கூடியவர் என்பதுதான் அவர் தகுதி. மூத்தம்மா மட்டும் யானைக்குப் போடுவார் என்று பெண்கள் சொல்வார்கள். அவர் கடைசிவரை அதை ஒப்புக்கொண்டதில்லை.

அழகக்கோன் 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970 என்று தொடர்ந்து ஐந்து முறை வென்றார். 17 வருடங்கள். இந்தத் தொகுதியின் வாழ்வில் நெடுங்காலம் அவருடைய காலம்தான். 1961இல் வடக்குக் கிழக்குக் கச்சேரிகளின் முன் சத்தியாக்கிரகம் நடந்தபோது மன்னார்க் கச்சேரியின் முன்னாலும் மக்கள் உட்கார்ந்தார்கள். அந்த ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்து, கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் பனாகொடை முகாமில் மாதக்கணக்காக அடைக்கப்பட்டார்கள். பிறகு 1965இல் அதே கட்சி டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கத்தில் சேர்ந்து 1968இல் வெளியேறியது. எதிர்க்கட்சி, சிறை, அரசாங்கம், மீண்டும் எதிர்க்கட்சி என்று இவ்வளவும் நடந்தபோதும் மன்னாரின் உறுப்பினர் மாறவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி நெடுநாளாக உண்டு. 1959 எல்லை நிர்ணயத்தில் மூதூரும் மட்டக்களப்பும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள் ஆக்கப்பட்டன. இரண்டு சமூகங்கள் கலந்து வாழும் இடத்தில் இரண்டு பேர் வரட்டும் என்பது அதன் நியாயம். 1977இல் பொத்துவிலும் அப்படியானது. மன்னாரும் கலந்து வாழும் இடம்தானே, எங்களுக்கு ஏன் இல்லை? விடை எளிது, கசப்பானதும்கூட. இரட்டைத் தொகுதிக்கு ஆள் வேண்டும். அப்போதைய மன்னார் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே ஓர் ஆசனத்துக்குரிய எழுபத்தையாயிரத்தை எட்டவில்லை. பரப்பின் பேரில் கிடைத்த ஓர் ஆசனத்தைப் பிரித்து இரண்டாக்க முடியாது. ஆகவே இங்கே முஸ்லிம் ஒருவர் பாராளுமன்றம் போவதென்றால் மற்றச் சமூகங்களின் வாக்கும் விழவேண்டும், அல்லது அவர்களின் வாக்குப் பிரியவேண்டும். வேறு வழி கிடையாது.

அது ஒரேயொரு முறை நடந்தது. அழகக்கோன் காலமாக, 1974இல் இடைத்தேர்தல் வந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் எஸ். ஏ. றஹீம் வென்றார். மன்னார்த் தொகுதி கண்ட ஒரேயொரு இடைத்தேர்தல் அது. தொகுதி முறை இருந்த காலம் முழுவதிலும் வடமாகாணத்திலிருந்து பாராளுமன்றம் சென்ற ஒரேயொரு முஸ்லிம் அவர்தான். கலாசாலையில் நான் சொன்ன பெயரும் இதுதான்.

எப்படி வென்றார் என்பதற்கு ஊரில் பல கதைகள். எல்லாக் கதையிலும் அவரவர் தெருவே வெற்றிக்குக் காரணம். நான் அந்த வருடத்தை மட்டும் பார்க்கிறேன். 1973, 1974 என்றால் இந்த நாட்டில் பஞ்ச காலம். எண்ணெய் விலை ஏறியது, கூப்பன் அரிசி குறைந்தது, பாணுக்கு விடியற்காலையில் வரிசை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகத் தடை. ஆளும் கட்சியின் மேல் கோபம் எல்லா வீட்டு அடுப்பிலும் எரிந்தது. 1973 ஏப்ரலில் டட்லி இறந்து ஜே. ஆர். ஜயவர்தன கட்சித் தலைவராகியிருந்தார். மறுபக்கம், 1972 அரசியலமைப்புக்குப் பிறகு தமிழரசுக் கட்சி பாராளுமன்ற அரசியலில் நம்பிக்கை குறைந்து போயிருந்தது. தலைவர் செல்வநாயகமே 1972இல் தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்திருந்தார். அடுப்புக் கோபத்துக்குப் பதில் சொல்லும் கட்சியாக யானை நின்றது. மூத்தவாப்பா வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டை விட்டு யானைக்குப் போனது அந்தத் தேர்தலில்தான். "நம்மட ஆள் எண்டு போட்டனான், பாண் வரிசைக்காகவும் போட்டனான்" என்பது அவர் வாக்குமூலம். அவருக்குத் தெரிந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்களும் போட்டதாகச் சொல்வார். முஸ்லிம்கள் நான்கில் ஒரு பங்கினராக இருந்த தொகுதியில் அது நடந்திராமல் வெற்றி வந்திருப்பது கடினம்.

ஆனால் கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. எழுதக் கொஞ்சம் தயக்கமாகவும் இருக்கிறது. 1981இல்கூட மாவட்டத்தில் எட்டில் ஒருவர் இந்திய வம்சாவளித் தமிழர். 1974இல் அவர்களில் பலர் பிரஜாவுரிமை இல்லாததால் வாக்காளர் இடாப்பில் இல்லை. ஆகவே குடிசனத்தில் நான்கில் ஒன்றாக இருந்த எங்கள் பங்கு, வாக்காளரில் அதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். தலைமன்னார் வழியாக அனுப்பப்பட்டவர்களின் வாக்கின்மையும் எங்களுடைய ஒரேயொரு வெற்றியின் கணக்குக்குள் கிடக்கிறது. நாங்கள் கேட்டு வந்ததல்ல, நாங்கள் செய்ததுமல்ல. ஆனாலும் 1974ஐ நினைத்து மகிழும்போது அதையும் மறைக்காமல் சொல்வது நல்லது.

றஹீமின் மூன்று வருடமும் எதிர்க்கட்சி வாங்கில் கழிந்தது. அரசாங்கத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்த சபையில் புதிதாக வந்த ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர் எவ்வளவு செய்ய முடியும்? அவருடைய கட்சி 1977 ஜூலையில் ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு அரசாங்கம் அமைத்தபோது மன்னார் ஆசனம் அதன் கையில் இல்லை. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி, உதயசூரியன் சின்னத்தில் வடக்கின் 14 ஆசனங்களையும் வென்றது. மன்னாரில் வென்றவர் பி. எஸ். சூசைதாசன். கிழக்கிலே முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி கூட்டணியோடு சேர்ந்தது; இளம் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப் அந்த மேடைகளில் பேசினார். உதயசூரியனில் நின்ற முஸ்லிம் வேட்பாளர் ஒருவரும் வெல்லவில்லை. மேடையில் சேர முடிந்தவர்களை வாக்குச்சீட்டில் சேர்க்க முடியவில்லை. அந்தத் தோல்வி அஷ்ரபுக்கு ஒரு பாடமாகியிருக்க வேண்டும். பின்னால் அவர் தனிக்கட்சி தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

1977 தேர்தல்தான் மன்னார்த் தொகுதியின் கடைசித் தேர்தல் என்று அன்று வரிசையில் நின்ற எவருக்கும் தெரியாது. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வந்தது. விளக்கா, குடமா என்று கேட்டார்கள். விளக்கு வென்றது, 1977 பாராளுமன்றமே இன்னும் ஆறு வருடத்துக்கு நீடித்தது. அடுத்த வருடம் ஜூலைக் கலவரம். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தச் சட்டம். பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யாதவர் சபையில் இருக்க முடியாது. கூட்டணி உறுப்பினர்கள் சத்தியம் செய்ய மறுத்துச் சபைக்குப் போகாமல் இருந்தார்கள். அக்டோபரில் ஆசனங்கள் பறிபோயின. சூசைதாசனின் ஆசனமும் போயிற்று. இடைத்தேர்தல் வைக்கவில்லை.

ஆக, நீடிக்கப்பட்ட பாராளுமன்றத்தில் மன்னாருக்கென்று ஒரு கதிரை இருந்தது, ஐந்து வருடத்துக்கு மேல் அதில் ஆளில்லை. அந்த ஐந்து வருடம் எந்த ஐந்து வருடம் என்று பார்க்க வேண்டும். 1984 டிசம்பரில் மன்னார் வீதிகளில் இராணுவத்தினர் பொதுமக்கள் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். கிராமங்கள் இடம்பெயரத் தொடங்கின. கப்பல் நின்றது. இயக்கங்கள் வளர்ந்து ஒன்றையொன்று அழித்தன. 1987இல் இந்திய இராணுவம் வந்தது. இவை ஒன்றுக்காகவும் 'மன்னார் கௌரவ உறுப்பினர்' என்று எழும்பி ஒரு வார்த்தை கேட்க அந்தச் சபையில் ஒருவர் இல்லை. பேசியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது வேறு விடயம்.

1989 பெப்ரவரி 15ஆம் திகதி பொதுத்தேர்தல், 1978 அரசியலமைப்பின் விகிதாசார முறையில் நடந்த முதல் பொதுத்தேர்தல். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் வன்னி என்ற ஒரே மாவட்டமாயின. மன்னார்த் தொகுதி வாக்கு எண்ணும் பிரிவாகப் பெயரளவில் மிஞ்சியது. தேர்தல் இரவில் வானொலியில் 'வன்னி மாவட்டம், மன்னார்த் தேர்தல் தொகுதி' என்று முடிவு வாசிக்கும்போது மட்டும் அது உயிர்த்தெழும்.

புதிய முறை எங்கள் சமூகத்துக்கு நன்மை செய்ததா? செய்தது. ஓர் ஆசனம் பெற மாவட்டத்தில் நூற்றுக்கு பன்னிரண்டரை வீதம் வேண்டும் என்றிருந்ததை 1988இல் ஐந்து வீதமாகக் குறைக்க வைத்தவர் அஷ்ரப் என்பது தெரிந்த கதை. அதன் பயனாக முஸ்லிம் காங்கிரஸ் பாராளுமன்றம் போனது; வன்னியிலிருந்தும் முஸ்லிம் உறுப்பினர்கள் தொடர்ந்து வந்தார்கள். பழைய முறையில் 42 வருடத்தில் ஒருவருக்கு மூன்று வருடம் கிடைத்தது. புதிய முறையில் ஏறக்குறைய எப்போதும் ஒருவர் இருக்கிறார். இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மூத்தவாப்பா சந்தையில் கண்ட அழகக்கோன் ஐயாவையும், றஹீமுக்கு விழுந்த மீனவர் வாக்கையும் நினைக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பழைய முறையில் வேட்பாளர் மற்றவன் வீட்டு முற்றத்துக்குப் போகாமல் வெல்ல முடியாது. விருப்பு வாக்கு வந்த பிறகு அவரவர் சனத்திடம் மட்டும் போனால் போதும். தேர்தல் காலத்தில் எங்கள் ஊருக்கு மற்றச் சமூகத்து வேட்பாளரின் லொறி வந்து நின்றதை நான் ஊர் திரும்பிய பிறகு கண்டதில்லை. எங்கள் வேட்பாளர்களும் வங்காலைக்கு எத்தனை முறை போனார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும். இன்னொன்று, விகிதாசார முறையில் இடைத்தேர்தல் கிடையாது. உறுப்பினர் இறந்தால் பட்டியலில் அடுத்தவர் வருவார். 1974 இனி நடக்காது.

1990 அக்டோபர் பற்றி இந்த இதழில் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டிக் கரையிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனோம். உம்மா குர்ஆனையும் ஒரு தகரப்பெட்டியையும் தூக்கினார். தகரப்பெட்டியில் காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், இன்னும் மூத்தவாப்பாவின் பழைய தேர்தல் துண்டுப்பிரசுரங்கள். கரையேறும்போது பெட்டி நனைந்து, உறுதியையும் பத்திரங்களையும் வெயிலில் காயவைத்துக் காப்பாற்றினார்கள். துண்டுப்பிரசுரங்களைக் காயவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் 1974 பற்றி இன்று என் கையில் காகிதம் எதுவும் இல்லை, வாய்க்கதை மட்டும் இருக்கிறது.

அகதி முகாமில் வளர்ந்து நான் போட்ட முதல் வாக்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில். நின்றது புத்தளத்தில் ஒரு கொத்தணி வாக்களிப்பு நிலையத்தில், வாக்கு வன்னிக்கு. பத்து வருடம் கண்ணால் காணாத மண்ணுக்கு உறுப்பினர் தெரிந்தேன். அடுத்த வருடம், எங்களைப் போலவே தாராபுரத்திலிருந்து வெளியேறிப் புத்தளத்தில் வளர்ந்த றிசாட் பதியுதீன் வன்னியிலிருந்து பாராளுமன்றம் போனார். அவர் அரசியலைப் பற்றிப் பல அபிப்பிராயங்கள் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அகதி வாக்கு ஓர் ஆசனமாகலாம் என்று முகாம் சனம் கண்டுகொண்டது அப்போதுதான்.

போர் 2009இல் முடிந்தது. ஊர் திரும்பினால் வாக்கும் திரும்பும் என்று நினைத்தோம். அது அப்படி நடக்கவில்லை. ஒரு வருடம் என் பெயர் புத்தளத்து இடாப்பிலும் இல்லை, மன்னார் இடாப்பிலும் இல்லை. ஓர் அலுவலகத்தில் அங்கே போ என்றார்கள், மற்ற அலுவலகத்தில் இங்கே வந்திருக்கக் கூடாது என்றார்கள். குடியியல் படிப்பிக்கிற வாத்தியாருக்கு வாக்கில்லை என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். 2013இல் இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் பழைய இடத்தில் பதிவு செய்யச் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று வந்தது. அதன் பிறகு நிலைமை ஓரளவு சீரானது. வீடு கட்ட முடியாமல், அல்லது பிள்ளைகளின் படிப்பு, தொழில் என்று புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்கள் வாக்களிக்க மட்டும் பஸ்ஸில் மன்னாருக்கு வரும் வழக்கம் வேரூன்றியது. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஆறில் ஒருவர்தான். இடாப்பில் இருப்பவர்களுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அந்த பஸ்களில் இருந்தது.

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல். விடியுமுன் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றிவந்த பஸ் வரிசை மீது தந்திரிமலையில் கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. நான் அன்றைக்கு வேறொரு வாக்களிப்பு நிலையத்தில் கடமையில் இருந்தேன். என் வாக்கைத் தபாலில் முன்பே போட்டிருந்தேன். பத்து மணிபோல் பஸ்கள் வந்து சேர்ந்தன என்று செய்தி வந்தது. ராத்தா அந்தப் பயணத்தில் இருந்தார். போனில், "வந்திட்டம், போட்டிட்டம், இனிப் போகணும்" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு மறுநாள் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். சிற்றம்பலம் 1947–1956. அழகக்கோன் 1956–1973. றஹீம் 1974–1977. சூசைதாசன் 1977–1983. நான்கே நான்கு பெயர். 1983க்குப் பிறகு ஒரு கோடு. கோட்டையும் கொப்பியில் எழுதவா என்று கேட்டான். எழுதச் சொன்னேன்.

என் மூத்த மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இந்த வருடப் பதிவுப் படிவத்தில் அவன் பெயரையும் சேர்க்க வேண்டும். அவன் படிப்பது புத்தளத்தில், அவன் மாமி வீட்டில் இருந்து. உம்மாவின் கபுரும் வாப்பாவின் கபுரும் அங்கேதான். காணியும் என் பள்ளிக்கூடமும் இங்கே. மனைவி புத்தளத்தில் பதியட்டும் என்கிறார். நான் மன்னாரில் என்கிறேன். மகன் இன்னும் வாய் திறக்கவில்லை. கிராம அலுவலர் இரண்டு முறை கேட்டுவிட்டார்; படிவம் மேசை லாச்சியில் கிடக்கிறது.